அணைத்த பிறகு மினுங்கிய ட்யூப்லைட்

தையல் கம்பெனியில் கரண்ட் வேலை பார்க்கும் அவருக்கு டெஸ்டர் என்று பெயர். சம்பளச் சீட்டில் இருக்கும் பெயரைச் சொல்லிக் கேட்டால் ஆளாளுக்கு உதட்டைப் பிதுக்குவார்கள். டெஸ்டர் எங்கே என்று கேட்டால், வாசலில் நிற்கும் காவலாளிகூட எந்த மாடியில் எந்த ஏணியின்மேல் நிற்கிறார் என்று சொல்லிவிடுவார். மற்றவர்கள் பேனா குத்தும் சட்டைப் பையில் அவர் டெஸ்டரைக் குத்தியிருப்பார். கரண்ட் ஓடும் இடத்தில் அதன் நுனியை வைத்தால் கண்ணாடிப் பிடிக்குள் ஆரஞ்சு நிறத்தில் ஒரு பொட்டு எரியும், அவ்வளவுதான் அந்தச் சாமான். ஆனால் அந்தப் பொட்டு எரியவில்லை என்று பார்த்தபிறகுதான் அவர் எதையும் தொடுவார். மின்கம்பி என்றில்லை. ஃப்ரிட்ஜ் கதவு, மோட்டார் குழாய், டீக்கடையின் இரும்பு மேஜை, எல்லாவற்றுக்கும் அதே மரியாதை. அவருடைய கல்யாணத்தன்று நாலு வார்த்தை பேசச் சொல்லி மைக்கை நீட்டினார்கள். மாப்பிள்ளை முதலில் அதற்கு டெஸ்டர் வைத்துப் பார்த்தார். பெண்ணின் தம்பி, அப்போது மீசை அரும்பிக்கொண்டிருந்தவன், கூட்டத்துக்கே கேட்கிற மாதிரி, "மாமா, அக்கா கையப் பிடிக்கறதுக்கு முன்னாடியும் ஒரு தடவ வச்சுப் பாத்துருங்க" என்றான். சிரித்து அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது.

இந்தப் பயம் சும்மா வந்ததில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு துணி துவைக்கும் மிஷினின் பின்பக்கத்தைப் பிடித்தவர், பிடித்தபடியே நின்றுவிட்டார். கை ஒட்டிக்கொண்டது. கத்தப் பார்த்தார், வாய் திறக்கவில்லை. கையெட்டும் தூரத்தில் நின்ற சூப்பர்வைசர், இவன் நம் பேச்சைக் கவனமாகக் கேட்கிறான் என்று நினைத்துக்கொண்டு தன் மகள் பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய கதையைச் சொல்லிக்கொண்டே இருந்தார். அந்தக் கதையின் ஒவ்வொரு வார்த்தையும் டெஸ்டருக்கு இன்றைக்கும் மனப்பாடம். தெருவுக்கே கரண்ட் போனதால் பிழைத்தார். அவர் சரிந்து விழுந்ததைப் பார்த்து, "என்னப்பா, ஒருத்தர் பேசிக்கிட்டு இருக்கும்போதே உக்காந்துட்ட?" என்று கேட்டாராம் சூப்பர்வைசர்.

அன்றிலிருந்து மெயினை இறக்காமல் அவர் எந்த வேலையும் தொட்டதில்லை. ஒரு பல்பு மாற்றக்கூட முழு வீட்டையும் அணைத்துவிட்டுத்தான் ஏணியில் ஏறுவார். ஒரு பல்புக்கு வீட்டையே இருட்டாக்கணுமா என்று பெண்கள் சலித்துக்கொள்வார்கள். உயிர் ஒன்றுதானே இருக்கிறது என்பார் அவர். இவ்வளவு ஜாக்கிரதையான மனிதரின் கண்ணை அந்த ஜாக்கிரதையே ஒருநாள் கட்டிவிடும் என்று அவர் எப்படி எதிர்பார்ப்பார்?

மனைவியின் அம்மா இரண்டு தெரு தள்ளித் தனியாக இருந்தார். ஆஸ்பத்திரியில் வார்டு துடைத்தே காலத்தை ஓட்டியவர். ஓய்வு பெற்ற பிறகும் கையிலிருந்து ஈரத்துணி இறங்கவில்லை. அவர் வீட்டுக் கதவு, ஜன்னல் கம்பி, சுவர்க் கடிகாரத்தின் தலை, எங்கே விரலை வைத்து இழுத்தாலும் தூசி ஒட்டாது. அந்த வீட்டின் கடைசி அறை மகனுடையது. பக்கத்து மனைக்காரர் ஒட்டினாற்போல் சுவர் எழுப்பியதில் அதன் ஜன்னல் அடைபட்டுப் போனது. நடுப்பகலில் கதவைச் சாத்தினாலும் உள்ளே குகைதான்.

மகன், அதாவது கல்யாணத்தில் மைக்கை வைத்துக் கிண்டல் செய்த மச்சான், டெஸ்டருக்கு நேர் எதிர். வெறுங்கையால் கம்பியை முறுக்குவான். தன் அறைக்கு வேண்டிய வயரிங்கைத் தானே செய்துகொண்டான். பார்த்துத் தருகிறேன் என்று டெஸ்டர் கேட்டதற்கு, நீங்க பாக்க ஆரம்பிச்சா மூணு நாள் இருட்டுல கெடக்கணும் மாமா என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டான். பிறகு சரக்குக் கப்பலில் வேலை கிடைத்துப் போனான். கரையைத் தொடும்போதெல்லாம் அம்மாவுக்குப் போன் வரும். ஒருமுறை வரவில்லை. கம்பெனிக்குப் போன் போட்டால், உங்கள் பையன் ஒரு துறைமுகத்தில் இறங்கினார், திரும்ப ஏறவில்லை என்றார்கள். அதற்குமேல் அவர்களுக்கும் தெரியவில்லை. இறங்கும்போது கையில் பை எதுவும் எடுத்துக்கொள்ளவில்லையாம்.

அந்தச் சமயத்தில்தான் அவன் அறையிலிருந்த பழைய ட்யூப்லைட்டும் கண் சிமிட்டிச் சிமிட்டிச் செத்தது. தையல் கம்பெனியில் அப்போது பழைய குழல்களை எல்லாம் கழற்றிவிட்டு எல்.இ.டி. ட்யூப் போட்டுக்கொண்டிருந்தார்கள். சுவரில் குழலைத் தாங்கும் பட்டியைப் பழையபடியே வைத்துக்கொண்டு சோக்கை மட்டும் விலக்கி, கம்பியை நேராகக் கொடுத்தால் போதும். மீந்ததில் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு டெஸ்டர் மாமியார் வீட்டுக்குப் போனார். வழக்கம்போல மெயினை இறக்கினார். மாட்டினார். மெயினை ஏற்றி சுவிட்சைப் போட்டார். அறை பளிச்சென்று ஆனது. மாமியார் முகத்தில் பல நாளைக்குப் பிறகு ஒரு தெளிவு வந்ததைப் பார்த்து, கொடுத்த டீயைக் குடித்துவிட்டு நிம்மதியாக வீடு திரும்பினார்.

சில மாதம் போனபிறகு மனைவி ஒருநாள் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு எழுந்து போகாமல் நின்றாள். அம்மா தினமும் தம்பி ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாராம். உள்ளே பேச்சுச் சத்தம் கேட்கிறதாம். கதவைத் தட்டினால், இரு, தம்பிகிட்ட சொல்லிட்டு வரேன் என்று பதில் வருகிறதாம்.  "நீங்க ஒரு தடவ போய்ப் பாருங்களேன். எனக்குத் தனியாப் போகப் பயமா இருக்கு. எங்கம்மாவப் பாக்கவே பயமா இருக்குங்க" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் போனார். மாமியார் சாதாரணமாகத்தான் இருந்தார். குழந்தைகளை விசாரித்தார், மகள் இளைத்துவிட்டாளே என்றார். பிறகு தாமாகவே, வாங்க மாப்ள, உங்களுக்கும் காட்டறேன் என்று கடைசி அறைக்கு அழைத்துப் போனார். அறை துடைத்துவைத்த மாதிரி இருந்தது. கட்டில்மேல் மடிப்புக் கலையாத சட்டைகள். மாமியார் கதவைச் சாத்தி, சுவிட்சை நிறுத்தினார்.

முதலில் ஒன்றுமே தெரியவில்லை. எங்கோ தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும். "கொஞ்சம் பொறுங்க, அவசரப்படாதீங்க" என்றது மாமியாரின் குரல், தூங்குகிறவர் பக்கத்தில் பேசுகிற மாதிரி. கண் பழகப் பழக, சுவரில் மேலே ஒரு கோடு தோன்றியது. வெளிச்சம் என்று அதைச் சொல்ல முடியாது. பால் பாத்திரம் கழுவின தண்ணீரின் நிறம். அது அறையில் எதன்மேலும் விழவில்லை. தான் இருப்பதை மட்டும் காட்டிக்கொண்டு அங்கே இருந்தது. அணைத்த விளக்கு.

"இப்பப் பாருங்க" என்றார் மாமியார்.

அந்தக் கோட்டின்மேல் கறுப்பாக ஐந்து விரல்கள் எழுந்தன. விரல்கள் நெருங்க நெருங்க அந்த மினுக்கம் கூடியது. கை விலகியதும் மங்கியது. மறுபடி நெருங்கியதும் கூடியது, பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் ஒருவர் தலையைத் தூக்குகிற மாதிரி.

"நான் கிட்ட வந்தா அவனுக்குத் தெரியுது. வேற யாரு வந்தாலும் இப்படிப் பாக்க மாட்டான்."

டெஸ்டர் வாழ்நாள் முழுக்கக் கரண்டோடு பழகியவர்தான். ஆனாலும் ஒரு நிமிடம், அவன் அங்கேதான் இருக்கிறான், அம்மாவைத்தான் பார்க்கிறான் என்று முழுசாக நம்பினார். மாமா என்று கூப்பிட்டுவிடுவானோ என்று காதை வைத்துக்கொண்டு நின்றார்.

அப்போது இரும்பு தரையில் தேய்கிற சத்தம் கேட்டது.

"அது என்ன அத்தை?"

"ஸ்டூலு. மர ஸ்டூலு கால் ஆடுதுன்னு பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாகிட்ட இரும்பு ஸ்டூலு வாங்கிட்டு வந்தேன். தொடைக்கணும்ல, எட்ட மாட்டேங்குது. தெனமும் தொடைச்சு விட்டாத்தான் அவன் முகம் தெளிவா இருக்கு."

கூடவே ஈரத்துணியைப் பிழியும் சத்தம். தரையில் சொட்டியது அதுதான் என்று அப்போது புரிந்தது. புரிந்த மாத்திரத்தில் மச்சான் மறைந்துபோய், அவன் இருந்த இடத்தில் அதைவிட மோசமான ஒன்று நின்றது. சுவிட்ச் நிறுத்தியும் ட்யூப் மினுங்குகிறது என்றால் உயிருள்ள கம்பி, அதாவது கரண்ட் வரும் கம்பி, இன்னும் அதற்குள் நிற்கிறது. கை நெருங்கினால் வெளிச்சம் கூடுகிறது என்றால், அந்தக் கரண்ட் தரைக்கு இறங்க வழி தேடுகிறது. தேடிக் கண்டுபிடித்த வழி, இந்த அம்மாவின் உடம்பு. இத்தனை நாளும் அவரைக் காப்பாற்றியது காய்ந்த மர ஸ்டூல் ஒன்றுதான். இன்றைக்கு வெறுங்கால், ஈரத்துணி, இரும்பு.

கத்தினால் அவர் திடுக்கிட்டு ட்யூபையே பிடித்துக்கொள்வார். டெஸ்டர் குரலை அடக்கிக்கொண்டு, "அத்தை, எனக்குக் கொஞ்சம் மயக்கமா வருது. கையப் பிடிங்க" என்றார். பொய்யும் இல்லை. ஈரக் கை ஒன்று இருட்டில் துழாவி வந்து அவர் கையைப் பற்றியது. பிடித்த கையை விடாமல் கதவைத் திறந்து அவரை வெளியே இழுத்து வந்துவிட்டார்.

திண்டாட்டம் அதன் பிறகுதான். உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னார். மாமியாரும் பொறுமையாகக் கேட்டார். படிக்காதவர் என்றாலும் ஆஸ்பத்திரியில் அரை ஆயுசைக் கழித்தவர், எதுவும் புரியாமல் இல்லை. எல்லாம் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றைத்தான் திருப்பிக் கேட்டார்.

"அப்போ, அந்த வெளிச்சம் என் ஒடம்பு வழியாத்தான் வருதா?"

"ஆமா அத்தை. அதுதான் ஆபத்து."

மாமியாரின் முகம் மலர்ந்தது. "நானும் அதத்தான் மாப்ள சொல்றேன். பத்து மாசம் என் ஒடம்புலதான இருந்தான்."

டெஸ்டர் மெயின் பெட்டியைத் திரும்பிப் பார்த்தார். மெயினை இறக்கிவிட்டு ட்யூபைப் பிடுங்கிக்கொண்டு போக எவ்வளவு நேரமாகும்? ஆனால் இவர் பக்கத்துக் கடையில் இன்னொன்று வாங்கி, யாரையாவது கூப்பிட்டு மாட்டிக்கொள்வார். தினமும் கூடவே வந்து நிற்க முடியாது. இவரைப் பயமுறுத்தவும் முடியாது. சாவைப் பக்கத்துக் கட்டிலில் வைத்துப் பார்த்துப் பழகியவர். கடைசியில், சொல்லக் கூடாது என்று வைத்திருந்ததைச் சொன்னார்.

"மச்சான் திரும்பி வர்றான்னு வச்சுக்கங்க. வந்தவொடனே அவன் ரூமுக்குத்தான் போவான். சுவிட்ச நிறுத்திட்டு, நிறுத்தியாச்சேன்னு நம்பி, வெறுங்கையால ட்யூபக் கழட்டுவான். அவனப் பத்தி உங்களுக்குத் தெரியாதா? அது அவன விடாது அத்தை. நீங்க பாத்துக்கிட்டே நிப்பீங்க."

மாமியார் வெகுநேரம் ஈரத்துணியை மடித்தார், விரித்தார், மறுபடி மடித்தார். "சரி, கழட்டுங்க" என்றார். "எடுத்துட்டுப் போகக் கூடாது. என் கண்ணு முன்னால கழட்டுங்க. உள்ள என்ன இருக்குன்னு நான் பாக்கணும்."

மெயினை இறக்கி, டெஸ்டர் ட்யூபை எடுத்து வந்து கூடத்து வெளிச்சத்தில் பழைய செய்தித்தாளின்மேல் கிடத்தினார். மாமியார் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ஒரு பக்கம் பால் நிறப் பிளாஸ்டிக், முதுகுப் பக்கம் அலுமினியம். இரண்டு முனையிலும் இரண்டு இரண்டு பல் வைத்த வெள்ளை மூடி. மூடியின் ஸ்க்ரூவைத் திருகும்போது மாமியார், "மெதுவா" என்றார். மூடி வந்தது. அதன் பின்னாலேயே இரண்டு மெல்லிய கம்பிகள் நீண்டன. பிளாஸ்டிக்கை நெகிழ்த்தி உருவியதும் நீளமான வெள்ளைப் பட்டி ஒன்று வெளியே வந்தது, அதன்மேல் வரிசையாக மஞ்சள் பொட்டுகள். ஒரு முனையில், கண்ணாடித்தாள் உறைக்குள் சுற்றிவைத்த விரல் நீளப் பலகை, அதில் கறுப்பாக ஒரு குட்டி டப்பா, செம்புச் சுருள். கரண்டைக் குறைத்துக் கொடுக்கும் பகுதி அதுதான் என்றார். அவ்வளவுதான். வேறொன்றும் இல்லை.

மாமியார் பட்டியைக் கையில் வாங்கி, ஒவ்வொரு பொட்டாக விரலால் தடவிக்கொண்டே போனார். குழந்தையைக் குளிப்பாட்டித் துவட்டியதும் மேலெல்லாம் பார்ப்பார்களே, அப்படி. முனைக்கு வந்ததும் திருப்பிக்கொண்டு மறுபடி ஆரம்பித்தார்.

"எல்லாம் குளுகுளுன்னு இருக்கு" என்றார்.

டெஸ்டர் மூடியின் உட்புறத்தைத் திருப்பிக் காட்டினார். பல்லைச் சுற்றிப் பச்சையாகக் களிம்பு பூத்திருந்தது. தினமும் துடைத்த ஈரம் உள்ளே இறங்கியிருந்தது. பட்டிக்கும் அலுமினியத்துக்கும் நடுவே ஒரு மெல்லிய தாள். தண்ணீர்க் கறை அந்தத் தாளின் ஓரத்தைத் தின்று, கம்பியின் வெறும் நுனிக்கு ஒரு நகக்கண் தூரத்தில் நின்றிருந்தது. அந்த நகக்கண்ணும் போயிருந்தால் முழு முதுகும் கரண்ட். அவர் அந்த இடத்தை ஸ்க்ரூடிரைவர் நுனியால் தொட்டுக் காட்டினார்.

ஆனால் அணைத்தபிறகும் மினுங்கியதற்குக் காரணம் ட்யூபுக்குள் இல்லை, சுவருக்குள். அதைக் கண்டுபிடிக்க ஒரே வழிதான். மெயினை ஏற்றிவிட்டு, சுவிட்சை நிறுத்திவைத்து, சுவரில் ட்யூப் இல்லாமல் நிற்கும் பட்டியின் கம்பிகளுக்கு டெஸ்டர் வைக்க வேண்டும். துவைக்கும் மிஷினில் ஒட்டிக்கொண்ட நாளுக்குப் பிறகு அவர் செய்யவே செய்யாத காரியம். செருப்பைப் போட்டுக்கொண்டு, கால் ஆடும் மர ஸ்டூலில் ஏறினார். மாமியார் கீழே நின்று ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார். நுனியை வைத்ததும், நிறுத்திய விளக்கின் கம்பியில் ஆரஞ்சுப் பொட்டு எரிந்தது. சுவிட்சைப் போடாமலே. இத்தனை மாதமும் அதில் கரண்ட் நின்றுகொண்டேதான் இருந்திருக்கிறது. மாட்டிய அன்று மெயினை இறக்காமல் ஒரே ஒரு தடவை வைத்துப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். 

சுவரில் கம்பியின் போக்கைப் பார்த்துக்கொண்டே போனார். கட்டில் பக்கம் இருந்த ப்ளக் பாயிண்ட்டிலிருந்து லைட்டுக்குக் கம்பியை இழுத்திருந்தான் மச்சான். அந்த ப்ளக் பாயிண்ட் தலைகீழாக நின்றது. ஏன் இப்படி என்று கேட்டதும் மாமியார் உடனே சொன்னார். டேபிள் ஃபேன் வயர் கட்டில் சட்டத்தில் இடித்து இடித்து மடங்குகிறது என்று அவர்தான் ஒருநாள் முணுமுணுத்திருக்கிறார். அம்மா சொன்ன வாய் மூடுவதற்குள் அவன் அதைக் கழற்றித் திருப்பி மாட்டிவிட்டான். பிறகு எப்போதோ அதிலிருந்து லைட்டுக்குக் கம்பி எடுக்கும்போது, கரண்ட் எப்போதும் வலது பக்கம்தான் என்கிற பழக்கத்தில் வலது பக்கக் கம்பியைச் சுவிட்சுக்குக் கொடுத்திருக்கிறான். தான் திருப்பி வைத்ததை அவனே மறந்துபோனான். சுவிட்ச் அறுத்தது கரண்ட் திரும்பிப் போகும் நியூட்ரல் கம்பியைத்தான். உயிருள்ளது நேராக விளக்குக்குப் போனது.

"அப்போ அது அவன் வேலைதான்" என்றார் மாமியார்.

"அவன் வேலைதான் அத்தை."

மெயினை இறக்கி, இரண்டு கம்பியையும் இடம் மாற்றினார். ட்யூபின் கறையைச் சுரண்டிக் காயவைத்து, தாளுக்குப் பதில் புதிதாக இன்சுலேஷன் டேப் சுற்றி, உருவியதை எல்லாம் உருவிய வரிசையில் உள்ளே தள்ளி மூடினார். வேறு ட்யூப் கொண்டுவந்து தருகிறேன் என்றதற்கு மாமியார் ஒப்பவில்லை. மாட்டி, மெயினை ஏற்றி, சுவிட்சை நிறுத்தி வைத்து, கம்பிகளையும் முதுகையும் மூடியையும் ஒவ்வொன்றாக டெஸ்டர் நுனியால் தொட்டுப் பார்த்தார். பொட்டு எரியவில்லை. இனி யார் தொட்டாலும் ஒன்றும் ஆகாது. சுவிட்சைப் போட்டார், அறை பளிச்சென்றது. வேலை முடிந்தது என்று சாமானைப் பையில் போடப் போனவரை மாமியார் நிறுத்தினார்.

"கதவச் சாத்துங்க மாப்ள."

சாத்தினார். சுவிட்ச் கிளிக் என்றது. இரும்பு ஸ்டூல் நகர்ந்தது, அதன்மேல் கால் ஏறிற்று. இருவரும் காத்திருந்தார்கள். கண் பழகுகிற நேரம் வந்து, அதையும் தாண்டிப் போனது. சுவர் எங்கே, கூரை எங்கே என்று தெரியாத இருட்டு. உற்றுப் பார்த்துப் பார்த்து டெஸ்டரின் கண்ணுக்குள் வெள்ளையாக ஏதோ நீந்தியது. கண்ணை மூடினாலும் அது இருந்தது.

"உங்களுக்குத் தெரியுதா?" என்றார் மேலே இருந்து.

"இல்ல அத்தை" என்றார். சொன்னபிறகு, அது நிஜம்தானா என்று அவருக்கே நிச்சயமாக இல்லை.

 பிறகு மாமியார், யாரையும் குறை சொல்லாத குரலில், "அவன் போகல மாப்ள. நான் இங்க நிக்கறேன்னுதான் இனிமே அவனுக்குத் தெரியாது" என்றார்.

கதவின் தாழ்ப்பாளில் கை வைத்த டெஸ்டர் அதைத் திறக்கவில்லை. மாமியாரின் கை ட்யூபின்மேல்தான் இருந்தது. கண்ணுக்குத் தெரியவில்லை. சேலை உரசும் சத்தம் வரவே இல்லை, அதனால் கை இன்னும் கீழே இறங்கவில்லை என்று அவருக்குத் தெரிந்தது.